பெரம்பூரில் ஒரு கூட்டுக் கண்காட்சி: படங்களைக் கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் இருக்கிறீர்கள், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறீர்கள், 12 ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் நீர்வண்ணம் தீட்டி வருகிறீர்கள், 40 படங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. உங்கள் பகுதியில் உள்ள சமூகக் கலை மையம் நவம்பரில் நடத்தவிருக்கும் கூட்டுக் கண்காட்சிக்கு 20 உள்ளூர் ஓவியர்களை அழைத்திருக்கிறது. ஒருவருக்கு 1,500 ரூபாய் கட்டணம், படம் விற்றால் 20 சதவீதம் மையத்துக்கு. கொடுக்கலாமா, என்ன விலை வைப்பது, இப்படிச் சிறிய இடத்தில் வைத்தால் பின்னாளில் பெரிய காட்சிக்கூடங்கள் மதிக்காமல் போய்விடுமா என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பின்னால் நான்காவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டாரைத் தவிர யாரும் பார்த்திராத படங்களை முன்பின் அறியாதவர் முன் வைக்க முதல்முறையாகத் துணிகிறீர்கள், அதற்கு இது தக்க இடம்தானா என்பதே அது. ஆம் என்பது என் பதில். அந்தப் பதிலோடு சில நிபந்தனைகளும் இருக்கின்றன.

நான் பெரியமேட்டு அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். பிறகு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டே, வட சென்னையில் ஒரு வட்டாரக் கலை மையத்தில் 18 ஆண்டுகளாகக் கண்காட்சி அமைக்கும் பொறுப்பையும் பார்த்து வருகிறேன். சுவரில் ஆணி அடிப்பது முதல் விற்ற பணத்தை ஓவியர் கையில் சேர்ப்பது வரை செய்திருப்பதால், இந்த விஷயத்தில் கை பழகியவை எனக்குத் தெரியும். உங்கள் படங்களை நான் பார்த்ததில்லை என்பதால் அவற்றின் தரம் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். சட்டம் பற்றிச் சொல்லப்போவதும் ஓவியர் என்ற முறையில் படித்துத் தெரிந்துகொண்டதே, வழக்கறிஞர் என்ற முறையில் அல்ல. பெருந்தொகை சம்பந்தப்பட்ட எதற்கும் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய இடம் என்ற தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊரின் ஓவிய வரலாறே அந்தத் தயக்கத்துக்குப் பதிலாக இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியபோது சென்னையில் நவீன ஓவியத்தை வாங்கவோ தொங்கவிடவோ ஆள் அதிகம் இல்லை. ஓவியர்கள் தாங்களே கூடித் தங்கள் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் பெரும் புரவலர் ஒருவர் தயவில் அல்ல. நான் பின்னாளில் படித்த அதே கல்லூரியில் படித்துக்கொண்டும் படித்து முடித்தும் இருந்த இளைஞர்கள், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். இன்று மதராஸ் கலை இயக்கம் என்று நாம் பெருமையோடு சொல்லும் தலைமுறையின் இடம், ஓவியர்கள் சேர்ந்து தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட இடமே. ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழர்களில் மிகப் பலர் முதன்முதலாகப் பார்த்தது காட்சிக்கூடத்தில் அல்ல, பத்திரிகைப் பக்கங்களில். படம் எங்கே தொங்குகிறது என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளக்கும் பழக்கம் நமக்குப் பிற்பாடு வந்தது.

நகரில் வேறு வழிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமிக்குக் கிரீம்ஸ் சாலையில் உள்ள மண்டல மையக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தனிநபர் கண்காட்சி வைக்கலாம். சோழமண்டலத்தில் 2009இல் தொடங்கிய சமகாலக் கலை மையத்தில் இண்டிகோ, லேபர்னம் என்று இரண்டு கூடங்கள் உண்டு. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ரா என்ற பண்பாட்டு அருங்காட்சியகத்திலும் ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் அங்கெல்லாம் ஒரு தனிக் கண்காட்சிக்கு ஒரே போக்கில் அமைந்த 20, 25 படங்களாவது வேண்டும், அத்தனைக்கும் ஃபிரேம் போட வேண்டும், வண்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும், நாள்முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பவரும் உங்கள் அலுவலகத்தில் இருப்பவரும் முட்டுக்காடு வரை வருவார்களா என்பதையும் யோசியுங்கள். ரயில்வே லோகோ ஒர்க்ஸ் வாசலையும் ஓட்டேரிப் பாலத்தையும் நீங்கள் வரைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடங்களைத் தினமும் கடந்து போகிறவர்கள் பெரம்பூரில்தான் இருக்கிறார்கள். முதல் கண்காட்சிக்கு அவர்களைவிடக் கூர்மையான பார்வையாளர் கிடைக்கமாட்டார்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். ஓவியரிடம் கட்டணமும் வாங்கி, விற்பனையில் பங்கும் வாங்குவது கூடாது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கூடத்துக்கு மின்கட்டணம் இருக்கிறது, காவலாளிக்குச் சம்பளம் இருக்கிறது, அழைப்பிதழ் அச்சிட வேண்டும். 20 பேரிடம் வாங்கும் 30,000 ரூபாய் இவற்றுக்குச் செலவாகிறதென்றால் அதில் தவறில்லை. தனியார் காட்சிக்கூடங்கள் விற்பனையில் 30 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால், 20 சதவீதமும் அதிகமில்லை. பார்க்க வேண்டியது வேறொன்று. படம் பார்க்க வருபவர்களுக்காக நடக்கும் கண்காட்சியும் உண்டு, ஓவியர்கள் கட்டும் பணத்துக்காகவே நடக்கும் கண்காட்சியும் உண்டு. இரண்டாவது வகையை அடையாளம் காண்பது எளிது. அழைப்பிலேயே சான்றிதழ், கேடயம், பொன்னாடை என்று எழுதியிருக்கும். எத்தனை படம், எத்தனை அடி சுவர், எத்தனை மணி வரை கூடம் திறந்திருக்கும் என்று எழுதியிருக்காது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போன மறுநாளே கூடத்தில் விளக்குகூட எரியாமல் கிடந்த கண்காட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மையத்துக்குப் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் பங்குக்கு எத்தனை அடி சுவர் கிடைக்கும், சனி ஞாயிறு மாலைகளில் கூடம் திறந்திருக்குமா, சென்ற முறை வைத்த ஓவியர்களில் இரண்டு பேரிடம் நான் பேசலாமா. மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னால் பணத்தைக் கட்டலாம்.

கட்டும்போது நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் எழுத்துமூலமாக வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் நடத்தும் மையமாயிற்றே, எழுதிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். படிப்பு முடித்த புதிதில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்கு மூன்று படங்கள் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இரண்டு திரும்பி வந்தன, ஒன்றின் ஃபிரேம் மூலை பெயர்ந்திருந்தது. மூன்றாவது விற்றதா, தொலைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கப்போனபோது பொறுப்பில் வேறு ஆள் இருந்தார். அந்தப் படத்தில் இருந்தது என் பாட்டி. அதற்குப் பின் எங்கள் மையத்தில் படம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும், வேண்டாம் என்று அவரே சொன்னாலும், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை ஆகியவற்றோடு பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். சேதமானால் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், விற்காதவற்றை எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் படத்தைப் புகைப்படமெடுத்து மையம் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பவையும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

பதிப்புரிமை பற்றி ஓவியர்கள் பலருக்கும் தவறான எண்ணம் இருப்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்பதால் அதன் பதிப்புரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. எழுத்துமூலம் மாற்றிக்கொடுத்தால்தான் போகும். அதாவது உங்கள் ஓட்டேரிப் படத்தை வாங்கியவர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டலாம், நாட்காட்டியில் அச்சிட்டு விற்க முடியாது. இதில் ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து, உங்களை வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை அவருக்கே முதலில் சேரும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. கண்காட்சிக்கு வந்தவர் உங்கள் கையைப் பார்த்துவிட்டுத் தம் தாயாரை வரைந்து தரச் சொல்வது அடிக்கடி நடக்கும் என்பதால் இது தெரிந்திருக்க வேண்டும். 57ஆம் பிரிவு இன்னொரு பாதுகாப்பைத் தருகிறது. படைப்பு உங்களுடையது என்று உரிமை கோரவும், உங்கள் பெயரைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் கேள்வி கேட்கவும் விற்ற பின்னும் உங்களுக்கு உரிமை உண்டு. தில்லியில் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு மண்டபத்திலிருந்து சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்ட வழக்கில், 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் மிஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னதோடு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது இந்தப் பிரிவின்படிதான். 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தில் ஓவியருக்கு 10 சதவீதம் வரை பங்கு கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஓவியர் யாரும் அந்தப் பங்கை வாங்கி நான் பார்த்ததில்லை.

விலை வைப்பதில் உறுதியான சூத்திரம் கிடையாது. முதல் கண்காட்சி வைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி பரப்பளவைக் கொண்டு வைப்பது, ஏனென்றால் கேட்டவருக்குக் காரணம் சொல்ல முடியும். உங்கள் படங்கள் அரைத் தாள் அளவு, 15க்கு 22 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 330 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 6,600 ரூபாய் ஆகிறது. ஃபிரேமுக்கு 1,800 ஆனதென்றால் 8,400 என்று எழுதுவீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். 8,400இல் 20 சதவீதமான 1,680ஐ மையம் எடுத்துக்கொண்டால், ஃபிரேம் செலவு போக உங்கள் கைக்கு 4,920 வரும். ஃபிரேம் விலையைக் கழித்துவிட்டு 6,600க்கு மட்டும் பங்கு கணக்கிட்டால் 5,280 வரும். ஒரு படத்துக்கு 360 ரூபாய் வித்தியாசம். ஃபிரேமில் மையத்துக்குப் பங்கு இல்லை என்று கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால் இதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். சதுர அங்குலத்துக்கு 20 என்பது சரிதானா என்றால், அது என் கணிப்பு மட்டுமே. 10 வைத்து விற்றவர்களையும் 60 வைத்து விற்றவர்களையும் ஒரே கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது, சுவரில் ஒரு விலையும் தெரிந்தவர்களுக்குத் தனியாகப் பாதி விலையும் வைக்காதீர்கள் என்பதுதான். பாதி விலைக்கு வாங்கியவர் அதை ஊரெல்லாம் சொல்வார், முழு விலை கொடுத்தவர் காதுக்கும் போகும்.

40 படங்களில் எதைக் கொடுப்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், ஏனென்றால் முதல்முறை வைப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். எல்லாமும் வரும் என்று காட்டும் ஆசையில் ஒரு நிலக்காட்சி, ஒரு பிள்ளையார், ஒரு பூச்சாடி, ஒரு பாட்டி முகம் என்று கலந்து கொடுப்பார்கள். பார்ப்பவர் மனத்தில் எதுவும் நிற்காது. எட்டடிச் சுவர் கிடைத்தால் 96 அங்குலம். மவுண்டும் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) ஃபிரேமும் சேர்ந்து 27 அங்குல அகலம் வரும் மூன்று படங்கள், இடையே 6 அங்குல இடைவெளி இரண்டு, ஆக 93 அங்குலம். மூன்று படங்கள்தான், நான்காவதற்கு இடமில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பேசும்படி, ரயில்வே சார்ந்தவையாகவோ ஒரே தெருவின் மூன்று பொழுதுகளாகவோ இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் நாளில் 40ஐயும் தரையில் பரப்பிவிட்டு, ஓவியம் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். இருவரும் நின்று பார்க்கும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

இனி ஃபிரேம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட வற்புறுத்துவேன், ஏனென்றால் சென்னையில் நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். செலவைக் குறைக்க மவுண்ட் இல்லாமல் கண்ணாடியைப் படத்தின்மேல் நேராக அழுத்திப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட ஒரு நீர்வண்ணப் படம் எங்கள் கூடத்தில் மழைக்காலத்தில் ஒன்பது நாள் தொங்கியது. எடுக்கப்போகும்போது கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்த்திருந்தது. நீலவானம் இருந்த இடத்தில் கடுகளவுப் பழுப்புப் பொட்டுகள். கண்ணாடியைப் பிரித்தபோது தாளின் மேற்பரப்பும் வண்ணமும் மெல்லிய தோல்போல அதில் ஒட்டிக்கொண்டு வந்தன. வரைந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆகவே கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி தரும் மவுண்ட் போர்டு கட்டாயம், அதுவும் அமிலம் இல்லாதது. சாதாரண அட்டை சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். பின்பக்கம் பழைய செய்தித்தாளோ பிளைவுட்டோ தாளைத் தொடக் கூடாது. படத்தை மவுண்டில் பிடித்து நிறுத்த செலோடேப் வேண்டாம், மாவுப் பசையும் மெல்லிய காகிதக் கீலும் போதும். ஃபிரேமின் பின்புறக் கீழ்மூலைகள் இரண்டிலும் சிறு கார்க் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வரும், சுவரின் ஈரம் ஏறாது. மழைக்காலத்தில் வெளிச்சுவரில் இடம் கொடுத்தால் உள்சுவர் கேளுங்கள்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் அதற்கு 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியே தருகின்றன. நம் மையங்களில் அது நடக்காது, ஒரு வாரக் கண்காட்சிக்கு அவசியமும் இல்லை. ஆனால் சன்னலுக்கு எதிரே வெயில் விழும் சுவரை மறுத்துவிடுங்கள். ஓப்பரா ரோஸ் போன்ற பளிச்சென்ற இளஞ்சிவப்புகள் நிலைப்பவை அல்ல. அவற்றைக் கொண்டு தீட்டியதை விற்பதானால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் பத்தாண்டு கழித்து அந்தப் பூ வெளுத்துப்போய் நிற்கக் கூடாது.

மாட்டும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் வரும் வட்டார மையத்தில் 57க்கு மேல் போக வேண்டாம் என்பேன். 20 அங்குல உயரமுள்ள ஃபிரேம், அதன் கயிறு இழுபட்டு நிற்கும் இடம் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே என்றால், 57உடன் பாதி உயரமான 10ஐக் கூட்டி 3ஐக் கழித்து 64 அங்குலத்தில் கொக்கி வர வேண்டும். நம் கூடங்களில் பெரும்பாலும் குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறிதான். தூண்டில் நரம்பு கட்டித் தொங்கவிட்ட படம் விசிறிக் காற்றில் ஆடிச் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும், மாலைக்குள் கோணிவிடும். ஒற்றைக் கொக்கிக்குப் பதில் இரண்டு கொக்கி போட்டு, கீழ்மூலைகளில் இருபக்க ஒட்டுநாடாத் துண்டு வைத்துவிட்டால் அசையாது. எதிர்ச்சுவர் டியூப்லைட் உங்கள் கண்ணாடியில் தெரிகிறதா என்று நின்று பாருங்கள். தெரிந்தால் படத்தின் மேல்பக்கத்தைச் சற்றே முன்சாய்த்தால் மறையும்.

படத்தருகே வைக்கும் பெயர்ச்சீட்டைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலமும் வேண்டுமானால் கீழே சேர்த்துக்கொள்ளலாம். நகரின் காட்சிக்கூடங்கள் பலவற்றில் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மகளுடைய படத்தைப் பார்க்க வந்த அம்மா அதன் பெயரைப் படிக்க வேறொருவரைக் கேட்க வேண்டியிருப்பது நம் ஊரில் நடக்கக் கூடாது. தலைப்பும் நேராக இருக்கட்டும். நீங்கள் வரைந்தது ஓட்டேரிப் பாலம் என்றால் ஓட்டேரிப் பாலம் என்றே எழுதுங்கள், அந்தப் பெயருக்காகவே நின்று பார்ப்பார்கள்.

கூடத்தில் எத்தனை நேரம் முடியுமோ அத்தனை நேரம் இருங்கள், குறிப்பாகச் சனி ஞாயிறு மாலைகளில். இது ஏன் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் ரயில் யார்டு ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். புகைமூட்டமும் ஈரத் தண்டவாளமும் மிக நன்றாக வந்திருந்தன, வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "ஏம்மா, கைகாட்டி மரம் இறங்கினாத்தான் வண்டி நகரும். நீ கையை நேரா நீட்டி நிக்க வெச்சுட்டு வண்டியை ஓட விட்டிருக்கியே" என்றார். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அரை மணிநேரம் பேசினார்கள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவர் கைகாட்டி சிக்னலின் கம்பி, எதிர்எடை, விளக்கு எல்லாவற்றையும் பேனாவால் போட்டுக் காட்டினார். அவர் படம் எதுவும் வாங்கவில்லை. அவள் அந்த அழைப்பிதழைப் பத்திரமாக எடுத்துப் போனாள், அடுத்த ஆண்டு கைகாட்டியை மட்டுமே பெரிதாக வரைந்து கொண்டுவந்தாள். அவள் இதுவரை செய்தவற்றில் சிறந்தது அது என்பது என் எண்ணம். எந்தக் காட்சிக்கூடத்து விமர்சகரும் அந்தக் கைகாட்டியைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

விற்குமா என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. எங்கள் மையத்தில் ஒரு படம்கூட விற்காத கண்காட்சிகள் உண்டு, திறந்த முதல் மணியிலேயே விற்றதைக் குறிக்கும் சிவப்புப் பொட்டு ஒட்டிய நாள்களும் உண்டு. எந்தப் படம் போகும் என்று நான் நினைத்தேனோ அது போனது குறைவு. 1,500 ரூபாயை விற்பனையில் திரும்ப எடுத்துவிடலாம் என்ற கணக்கில் மட்டும் போகாதீர்கள். ஃபிரேம் செலவையும் சேர்த்து, இந்தத் தொகை திரும்பாவிட்டாலும் வீட்டில் சிரமம் வராது என்றால் கொடுங்கள். சிரமம் வரும் என்றால் மூன்றுக்குப் பதில் ஒரு படம் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. இயலாதவர்களிடம் நாங்கள் வாங்குவதில்லை, எங்களைப்போல நடத்துபவர்கள் வேறு சிலரும் உண்டு.

பெரிய காட்சிக்கூடங்கள் என்ன நினைக்கும் என்பதும் கணிப்புதான். என் அனுபவத்தில், வட்டார மையத்தில் வைத்ததற்காக யாரும் ஒதுக்கப்பட்டதை நான் கண்டதில்லை. எங்களிடம் வைத்துவிட்டுப் பின்னர் கிரீம்ஸ் சாலையிலும் ஈஞ்சம்பாக்கத்திலும் வைத்தவர்கள் இருக்கிறார்கள். காட்சிக்கூடத்தார் கேட்பது எங்கே வைத்தீர்கள் என்பதைவிட, ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு வரைந்த 15, 20 படங்கள் இருக்கின்றனவா என்பதைத்தான். ஆகவே கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே, யார் எதைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அந்த மூன்று படங்களின் தொடர்ச்சியாக நான்காவதைத் தொடங்கிவிடுங்கள். மாட்டிய சுவரை நல்ல வெளிச்சத்தில் நேராக நின்று புகைப்படம் எடுத்து வையுங்கள், அடுத்த இடத்தில் காட்ட உதவும்.

இப்போதைக்கு அவசரமானது ஃபிரேம்தான். நல்ல கையுள்ள ஃபிரேம் கடைக்காரர்கள் நவராத்திரி தொடங்கித் தீபாவளி முடியும் வரை சாமி படங்களிலும் பரிசுப் படங்களிலும் மூழ்கியிருப்பார்கள், கேட்ட தேதிக்குக் கிடைக்காது. மூன்று படங்களையும் இந்த வாரமே தேர்ந்தெடுத்து, ஆயுத பூஜைக்கு முன்பாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மவுண்ட் போர்டின் நிறத்தைக் கடையில் இருக்கும் துண்டைப் பார்த்து முடிவுசெய்யாமல், படத்தைக் கையோடு எடுத்துப்போய் அதன்மேல் வைத்துப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று சொல்லுங்கள்.